நீலம் வேண்டாமுங்க

என் மகள் தன் சம்பளத்தில் மின்சாரக் கார் வாங்கப்போவதாகச் சொன்னபோது, அந்த வண்டி குன்னூர் மேட்டில் ஏறுமா என்று சொந்தக்காரர்கள் ஒருவரும் கேட்கவில்லை. மழையில் நனைந்தால் என்ன ஆகும், நடுவழியில் சார்ஜ் இறங்கிவிட்டால் யாரைக் கூப்பிடுவது, ஒருவருக்கும் கவலை இல்லை. எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: என்ன கலர்? கேட்டதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவள் கல்யாணப் பேச்சையே கொண்டுபோய் அந்தக் கலரில் முடிச்சுப் போட்டார்கள். 

குன்னூரில், பெட்ஃபோர்டுக்கு மேலே சரிவில் எங்கள் வீடு. நான் ஒரு எஸ்டேட் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். என் வீட்டுக்காரர் ஃபேக்டரி ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவர், அதிகம் பேசமாட்டார். மகள் ஊட்டியில் ஒரு வங்கியில் இருக்கிறாள். காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டு போவாள், சாயங்காலம் நின்றுகொண்டு வருவாள். சீசன் வந்துவிட்டால் சுற்றுலா வண்டிகளுக்கு நடுவில் பஸ் அசையாது. நனைந்த குடையும் வீங்கிய காலுமாக அவள் படியிறங்கி வருவதைப் பார்க்க எனக்கே பொறுக்காது. கார் அவளுக்குத் தேவை. அதில் ஆடம்பரம் ஒன்றும் இல்லை.

ஷோரூமுக்கு என் அண்ணனும் வந்தார். மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டி வைத்திருக்கிறார். வண்டி வாங்குவது என்றால் ஓர் ஆண்பிள்ளை கூட வேண்டும் என்பது அவர் கட்சி. என் வீட்டுக்காரரை அவர் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அங்கே இருந்த பையன் ஒரு டேப்லெட்டில் கலர்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினான். வெள்ளை, சாம்பல், அதைவிடக் கொஞ்சம் அழுக்கான சாம்பல், கறுப்பு, கடைசியாக நீலம். நல்ல பளீர் நீலம். மழை விட்ட மறுநாள் அவலாஞ்சிப் பக்கம் தெரியும் வானத்தின் நிறம். மகள் விரலை வைத்து நிறுத்தினாள்.

“இதும்மா. நல்லா இருக்கு.”

அவ்வளவுதான். அவளுக்குப் பிடித்திருந்தது. அதற்கு மேல் ஒரு காரணமும் இல்லை, இருக்கவேண்டியதும் இல்லை.

பையன் தொண்டையைக் கனைத்தான். “மேடம், இந்த நீலம் நம்ம பக்கம் அவ்வளவா போறதில்லீங்க. வெள்ளை பாக்கறீங்களா?”

“ஏன், வண்டி ஓடாதா?” என்றேன் நான்.

“ஐயோ, அதெல்லாம் நல்லா ஓடுமுங்க. கஸ்டமருங்க பொதுவா விரும்பறதில்லீங்க...” என்று இழுத்துவிட்டு அவன் என் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் அவனைப் பார்த்துச் சிரித்தார். முன்பின் பார்த்திராத இரண்டு பேர் கண்ணாலேயே பேசி முடித்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதைத் துடைத்து எறிய ஒரு துணி கிடைத்தால் தேவலை என்று இருந்தது.

தமிழ்நாட்டில் நீலக் கொடி யாருடையது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஊருக்கு வெளியே தள்ளி வைக்கப்பட்டவர்கள் தலை நிமிர்ந்து பிடித்த கொடி. பிடித்தவர்களுக்கு அது பெருமை. மற்றவர்கள் செய்த காரியம் என்னவென்றால், வானத்துக்கும் கடலுக்கும் பொதுவான ஒரு நிறத்தையே கொண்டுபோய்த் தெருவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். நாங்கள் குடியிருப்பதோ நீலகிரி.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று கேட்கத் தோன்றும். அப்படியானால் நீங்கள் எந்த ஆட்கள்? கேட்டுக்கொண்டே இருங்கள், நான் சொல்லப்போவதில்லை. நீலக் காரைக் கண்டு பயப்படுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. தன்னை ‘அவர்கள்’ என்று நினைத்துவிடுவார்களோ என்று பயப்படுகிறவன் ஒரு வகை. தன்னைக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயப்படுகிறவன் இன்னொரு வகை. முதலாமவனைக் கண்டால் எனக்கு அருவருப்பு. இரண்டாமவனைப் பயப்பட வைத்தவர்களைக் கண்டால் அதைவிட அருவருப்பு. இரண்டு பேரும் கடைசியில் வெள்ளைக் கார்தான் வாங்குகிறார்கள். நாங்கள் இதில் எந்த வகை என்பது எங்கள் வீட்டு விஷயம்.

மலையில் யாரும் நேரடியாகக் கேட்பதில்லை. கேட்டால் நாகரிகம் இல்லையாம். இங்கே பாதிப்பேர் பிழைப்புக்காகக் கீழேயிருந்து ஏறி வந்தவர்கள். பக்கத்து வீட்டுக்காரன் யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் சுற்றி வளைப்பார்கள். சொந்த ஊர் எதுங்க? அதுல எந்தப் பக்கமுங்க? கோயிலுக்கு வருஷா வருஷம் போவீங்களா, எந்தக் கோயிலுங்க? எஸ்டேட் ஆபீஸில் நான் சேர்ந்த முதல் வாரமே ஒரு கிளார்க்கம்மா என் டிபன் பாக்ஸை எட்டிப் பார்த்து, “நீங்க ஆட்டுக்கறி மட்டுந்தானா, இல்ல எல்லாமா?” என்று கேட்டாள். எலுமிச்சைச் சாதத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் ஆரம்பித்தார். முதலில் பனி. “அம்மிணி, பனியில நீலம் தெரியாது. எதுக்க வர்றவன் மோதீருவான்.”

“பனியே வெள்ளைதானே அண்ணா? வெள்ளைக் கார்தான் அதுல காணாமப் போகும்.”

பிறகு விற்கும்போது விலை போகாது என்றார். வாங்கவே இல்லை, அதற்குள் விற்பனை. பிறகு ஜோசியரிடம் கேட்டதாகவும், மகள் ராசிக்கு நீலம் சனியை இழுத்துக்கொண்டு வரும் என்றும் சொன்னார். அதுவும் எடுபடவில்லை. கடைசியாக, எங்கள் தெருவில் திரியும் காட்டெருமைகளுக்கு நீலத்தைக் கண்டால் ஆகாது, முட்டிவிடும் என்று ஒரு போடு போட்டார்.

“காட்டெருமைக்கு அந்தப் புத்தியெல்லாம் கிடையாதுங்ணா. அது மனுஷங்களுக்கு மட்டுந்தான்” என்றேன்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “நாலு பேரு பாத்தா என்ன நெனைப்பாங்கன்னு உனக்குத் தெரியாதா? நீ படிச்சவதானே? பொண்ணுக்கு வரன் பாக்கற நேரத்துல வாசல்ல நீலக் காரைக் கொண்டாந்து நிறுத்துவியா?”

ஒருவழியாக வாயைத் திறந்து சொல்லிவிட்டார். பனியும் சனியும் காட்டெருமையும் போய், நாலு பேர் வந்து நின்றார்கள். என் வீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்தார், விரித்தார். மகள் உள்ளே போய்த் தன் போனிலேயே பதிவை முடித்துவிட்டு வந்தாள்.

“நீலம் போட்டுட்டேன் மாமா. வர்றதுக்கு லேட் ஆகுமாம். பரவால்ல.”

அண்ணன் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். அந்தக் கோபத்தில் ஏதாவது செய்வார் என்று எனக்குத் தெரியும். ஆனால் இவ்வளவு மட்டமாகச் செய்வார் என்று எதிர்பார்க்கவில்லை.

வரன் என்று அவர் சொன்னது கோயமுத்தூரில் ஒரு பையன். கம்ப்யூட்டர் வேலை. ஜாதகம் பார்த்தாயிற்று, போட்டோ மாற்றிக்கொண்டாயிற்று. மகளும் அவனோடு போனில் இரண்டொரு முறை பேசி, ‘பரவாயில்லை, சிரிக்கத் தெரிகிறது’ என்று சொல்லியிருந்தாள். அவள் ஒருவனைப் பற்றி அப்படிச் சொல்வது அபூர்வம். அந்தச் சம்பந்தம் கூடிவந்துவிட வேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனும் அவன் அப்பா அம்மாவும் பெண் பார்க்க வந்தார்கள். அண்ணன் அவர்களோடு ஒரே காரில் வந்து இறங்கியபோதே எனக்குச் சந்தேகம். வெள்ளைக் கார். படியிறங்கும்போதே அந்த அம்மா, “ஊடு நல்லாருக்குதுங்க, காத்து நல்லா வருது” என்று நல்லபடியாகத்தான் பேசினார். பஜ்ஜி சாப்பிட்டார். டீ நன்றாக இருக்கிறது, இலை எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டார். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கையைத் தடவிக் கொடுத்தார். அந்தக் கையை விடாமலே கேட்டார்:

“ஏங்கண்ணு, காரு நீலமா போட்டிருக்கியாமே?”

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் சன்னல் வழியாகத் தேயிலைத் தோட்டத்தைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து பார்க்காத தேயிலை.

“ஆமாங்க” என்றாள் மகள்.

“நமக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல கண்ணு. நாங்க எல்லாரையும் ஒண்ணாத்தான் பாக்கறோம். ஆனா கல்யாணம்னா நாலு பேரு வருவாங்க பாரு. இன்னாரு ஊட்டுக் காருன்னு ஒரு பேச்சு வந்துருமல்லோ?”

எல்லாரையும் ஒன்றாகப் பார்க்கிறவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறவர்களிடம் எப்போதும் ஓர் ‘ஆனால்’ தயாராக இருக்கும். நான் அதற்குத்தான் காத்துக்கொண்டு இருந்தேன். ஆனால் அந்த அம்மா அதோடு நிற்கவில்லை. அவரிடம் ஒரு யோசனையே இருந்தது.

“மாத்த முடியாதுன்னா விடு, பரவால்ல. இப்பெல்லாம் வண்டி மேல ஃபிலிம் ஒட்டிக் குடுக்கறாங்களாமே? எங்க தம்பி மகன் ஒட்டியிருக்கான். வெள்ளை ஃபிலிம் ஒட்டிக்கலாம். யாருக்கும் தெரியாது.”

 மகள், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவளைப் போல, “அதை எப்பங்க உரிக்கிறது?” என்று கேட்டாள்.

“எதுக்கு உரிக்கோணும்? அது பாட்டுக்கு இருக்கட்டும். உள்ள நீலம்னு நமக்குத் தெரியுமல்லோ?”

  ஒரு தகரத்தின் மேல் பூசிய சாயத்தை மூடி மறைக்கச் சொன்ன மாதிரி எனக்குத் தோன்றவில்லை. என் மகளின் மேல் ஒரு தோலை ஒட்டி, உள்ளே நீ யாராக வேண்டுமானாலும் இருந்துகொள் என்று சொன்ன மாதிரி இருந்தது. அதையும் அவள் கையைத் தடவிக்கொண்டே, கண்ணு கண்ணு என்று.

மகள் கையை உருவிக்கொண்டு பையனைப் பார்த்தாள். “நீங்க என்ன சொல்றீங்க?”

அவன் நல்ல பையன்தான். அதுதான் கொடுமை. அவன் அம்மாவைப் பார்த்தான், போனைப் பார்த்தான், பிறகு சிரித்தான். “எனக்கு எந்தக் கலரும் ஓகேதாங்க. ஆனா ஃபிலிம் ஒட்டினா பெயிண்டுக்கும் ஒரு பாதுகாப்புதான். கீறல் விழாது.”

பாதுகாப்பாம். படித்தவன் கேவலத்தைச் சொன்னாலும் அதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் வைத்திருப்பான். அவன் தாயாவது மனதில் இருந்ததை வாய்விட்டுச் சொன்னார்.

“எனக்கு இஷ்டமில்லீங்க” என்றாள் மகள். காருக்கா, கல்யாணத்துக்கா என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் புரிந்தது.

அப்போது என் வீட்டுக்காரர் எழுந்தார்.  சன்னல் திரையை விலக்கி வெளியே பார்த்தார். வெயில் காய்ந்துகொண்டிருந்தது. “பனி எறங்கீரும் போல இருக்குதுங்க. இருட்டறதுக்குள்ள காட்டேரி பார்க் தாண்டீட்டா நல்லதுங்க” என்றார். மலையில் இதற்கு என்ன அர்த்தம் என்று வந்தவர்களுக்கும் தெரிந்திருந்தது. அவரே போய் அவர்கள் செருப்பை வரிசையாக எடுத்து வைத்தார். அவரைக் கட்டிக்கொண்டதற்காக நான் மனதார மகிழ்ந்த நாட்கள் சில உண்டு. அன்றைய நாளை அதில் சேர்த்துவைத்திருக்கிறேன்.

அன்று ராத்திரி மகள் அழுதாள். அவனுக்காக அழுதாளா, ஆத்திரத்திலா என்று நான் கேட்கவில்லை. “சிரிக்கத் தெரியும்னு நெனச்சேம்மா” என்று மட்டும் சொன்னாள்.

சில வாரம் கழித்துக் கார் வந்தது. மேலே சாலையோரம் நிறுத்தினோம். தெருவில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார், இருபது வருடப் பழக்கம், காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “உங்க பூர்வீகம் எதுன்னு நீங்க சொன்னதே இல்லீங்களே?” என்றார். எங்கள் வீட்டில் எத்தனையோ தடவை பலகாரம் சாப்பிட்ட மனிதர். நான் குன்னூர் என்றேன். அதுக்கு முன்னாடி என்றார். ஆஸ்பத்திரி என்றேன், அங்கேதான் பிறந்தேன். அதற்குப் பிறகு அவர் பலகாரத்துக்கு வருவதில்லை. எண்ணெய் மிச்சம்.

அண்ணன் எங்களோடு பேச்சை நிறுத்தியிருந்தார். கோயமுத்தூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுப் புதுமனை புகுவிழாவில்தான் மறுபடி பார்த்தோம். அண்ணன் வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. கல்யாண முகூர்த்த நாள், பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. திரும்பும்போது வேறு வழியில்லாமல் எங்கள் காரில் பின்சீட்டில் ஏறி, என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்துகொண்டார். மகள் ஓட்டினாள்.

மலை ஏறுவதற்கு முன் மேட்டுப்பாளையத்தில் சார்ஜ் போட வேண்டியிருந்தது. ஒரு ஹோட்டல் வாசலில் அந்த வசதி இருக்கிறது. பெட்ரோல் போட்டால் உடனே கிளம்பிவிடலாம். இதில் காத்திருந்துதான் ஆகவேண்டும். அதுவும் அண்ணன் மண்டி வைத்திருக்கும் ஊரில், அவரைத் தெரிந்த ஆட்கள் போய்வரும் ரோட்டில். அவர் வீடு இன்னும் தள்ளி, போகிற வழியில் விடுவதாக இருந்தோம்; அவரும் இறங்கினார். எங்கள் பக்கத்தில் நிற்கவில்லை. அடுத்த இடத்தில் சார்ஜுக்கு நின்றிருந்த ஒரு வெள்ளைக் காருக்குப் பக்கத்தில் போய், அது தன்னுடையது மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கூடப் பிறந்தவர். எனக்குக் கூசியது.

அந்த வெள்ளைக் காரின் சொந்தக்காரர் ஹோட்டலிலிருந்து மனைவியோடும் சின்னப் பெண்குழந்தையோடும் வந்தார். நாற்பது வயது இருக்கும். இஸ்திரி கலையாத சட்டை. சார்ஜ் போடும் இடத்தில் எல்லாரும் பேசுவதைத்தான் பேசினார். எவ்வளவு தூரம் போகுது, மேடு ஏறும்போது எவ்வளவு குறையுது. மகள் பதில் சொன்னாள். இறங்கும்போது சார்ஜ் ஏறும் என்றதும் ஆச்சரியப்பட்டார். பிறகு எங்கள் காரை முன்னாலிருந்து பின்னால் வரை ஒருமுறை பார்த்தார்.

“சொந்த ஊரு எதுங்க?”

வந்துவிட்டது என்று நினைத்தேன். இத்தனை வருட வெறுப்பும் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. நன்றாகக் கொடுத்துவிடுவது என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் இன்னும் பக்கத்தில் வந்து, அண்ணன் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“நம்ம ஆளுங்களா?”

காலமெல்லாம் என்னைக் கேட்டவர்கள் விலக்கி வைப்பதற்காகக் கேட்டார்கள். இவர் சேர்த்துக்கொள்வதற்காகக் கேட்டார். அதையும் பட்டப்பகலில், தன் சொந்தக் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, திருடினவரைப் போல இரகசியமாகக் கேட்க வேண்டியிருந்தது. அப்படிக் கேட்கும்படி அவரை ஆக்கி வைத்திருக்கும் இந்த நாட்டைக் காறித் துப்ப வேண்டும் போல் இருந்தது.

அண்ணன் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். “இல்லீங்...” என்று அவர் தொடங்கியதை மகள் முடிக்கவிடவில்லை.

“ஆமாங்க” என்றாள்.

அது உண்மையா என்று கேட்பவர்களுக்கு, முன்னால் சொன்னதுதான் பதில்: எங்கள் வீட்டு விஷயம்.

அந்த மனிதருடைய முகம் மாறியதை என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. மனைவியைக் கூப்பிட்டு, “ஏம்புள்ள, இங்க பாரு” என்றார். பிறகு எங்களிடம், “நாங்களும் நீலந்தானுங்க கேட்டோம். இவ ஆசைப்பட்டா. நாங்க யாருன்னு எங்க ஆபீஸ்ல யாருக்கும் தெரியாதுங்க. குடியிருக்கற ஊட்டுக்காரருக்கும் தெரியாது. எதுக்கு வம்புன்னு வெள்ளை எடுத்துட்டோம்” என்றார். அவர் மனைவி எங்கள் காரின் கதவை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை எடுத்துக்கொண்டாள்.

அவர் போனை எடுத்து, தன் காரோரம் நின்றுகொண்டிருந்த அண்ணனிடமே நீட்டினார். “ஏனுங்கண்ணா, இந்த நீலக் காரோட எங்களை ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க.”

மாட்டேன் என்று சொல்ல அண்ணனுக்கு வாய் வரவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் காரை ஒட்டி நின்றார்கள். அண்ணன் எடுத்தார். மகள் போய் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“மாமா, மூஞ்சி மட்டுந்தான் விழுந்திருக்கு. காரே இல்ல.”

 அந்த மனிதர் குழந்தையை இறக்கிவிடாமல் அப்படியே காத்துக்கொண்டு நின்றார். ரோட்டில் மண்டி ஆட்கள் சிலர் அண்ணனுக்குக் கையைத் தூக்கி வணக்கம் வைத்துக்கொண்டு போனார்கள். அண்ணன் போனை இறக்கினார். எங்களைப் பார்த்தார். பிறகு, கார் முழுவதும் விழ வேண்டுமானால் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டுமோ அவ்வளவு தள்ளிப் போய், எல்லாரும் பார்க்க, ரோட்டோரம் நின்று மறுபடி எடுத்தார்.